ரேடார் தட்டு

நவம்பர் 9, ஞாயிறு.

அத்திம்பேருக்காகத்தான் அந்தப் போர்க்கப்பல் மாடலையே செய்தேன். கடற்படையில், பீரங்கிகளுக்குக் குறி பார்த்துச் சொல்லும் மேடையில் அவர் வேலை பார்த்த அதே கப்பல். காலையில் கரமனையில் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர், "மேடை மேல இந்த ரேடார் தட்டு கிடையாதேடா. நாங்க லென்ஸ் வழியா கண்ணாலதான் தூரம் பார்ப்போம், கேட்டியா," என்றார்.

நான் விடவில்லை. அக்கா எதிரிலேயே மொபைலில் கப்பலின் ஃபோட்டோவைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"அப்போ எனக்குத்தான் ஓர்மை போயிடுத்து. ஒண்ணும் ஞாபகம் நிக்கறதில்ல."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெயித்த சந்தோஷத்தில், பெயிண்ட் பாக்கியிருந்த மாடலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம்தான் ஃபோட்டோவின் வருஷத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கப்பலை விட்டு வந்த பிறகு எடுத்தது. தட்டு அப்புறம் வைத்திருக்கிறார்கள். மாடலில் ஒட்டியிருந்த தட்டை ட்வீசரால் இழுத்தேன், சுலபமாக வந்துவிட்டது. உடனே ஃபோன் பண்ணினேன்.

"தப்பு என்னோடது அத்திம்பேர். நீங்க சொன்னதுதான் சரி."

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லறே," என்று சிரித்தார். "போகட்டும்டா. மறதிக்கு டாக்டரைப் பார்க்க உங்கக்கா செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் எடுத்தாச்சு."