பால் பருக்க முதல்

09.02.59 திங்கள்
உருத்திரபுரம். வாய்க்காலுக்கு அங்கால் ஒரு பிரசவம் பார்த்தேன். பெண்பிள்ளை, ஆறு இறாத்தல். சைக்கிள் செயின் இரண்டு தரம் கழன்றது.

10.02.59
ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நேற்றுப் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் பக்கத்து வளவில் சனக்கூட்டம். ஏரம்பர் சாகப்போகிறாராம். எழுபத்தெட்டு வயது, மாரி தொடக்கம் படுக்கை. தெற்கே தலை வைத்து, விபூதி பூசிக் கிடத்தியிருக்கிறார்கள். உறவெல்லாம் வரிசையாக வந்து வாயில் கடைசிப் பால் பருக்குகிறது. மனிசன் இருமுகிறார், இவையள் ஊத்துகினம்!

கரண்டியைப் பறித்தேன். தோலைக் கிள்ளினேன், மடிப்பு அப்படியே நின்றது. நாக்கு வறண்டு மட்டையாகக் கிடந்தது. நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. இது சாவு இல்லை, உடம்பில் தண்ணீர் இல்லை. மருமகள் சிவனேஸ்வரியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன்.

"தண்ணி குடுத்தா பாயெல்லாம் நனைக்கிறார் மிஸி. அதாலை குறைச்சுப்போட்டன்."

அவளைக் கோபிக்க மனம் வரவில்லை. அரிவிவெட்டு நேரம், வயலும் அவள்தான், பாயும் அவள்தான். அவளுக்கு யார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள்?

மகன் சிற்றம்பலம் மல்லுக்கு நின்றார். வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா கைவிட்டுவிட்டாராம். வந்து பார்த்தாரா என்றேன். இல்லையாம். இவர் டிஸ்பென்சரியில் போய்ச் சொல்ல, அவர் கதிரையில் இருந்தபடியே முடிவு சொன்னாராம்.

"பிள்ளைப்பேறு பாக்கிற உங்களுக்கு அவரைவிடத் தெரியுமோ?"

தெரியும். நான் தொட்டுப் பார்த்தனான், அவர் பார்க்கேல்லை. அதைச் சொல்லிவிட்டு, ஏரம்பரை நிமிர்த்திச் சாய்த்து, பொழுதுபடுமட்டும் துளித்துளியாக இளநீர் கொடுத்தேன்.

11.02.59
பாய் நனைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பழஞ்சீலை மடித்து வைக்கவும், பக்கம் திருப்பிக் கிடத்தவும் சிவனேஸ்வரிக்குக் காட்டிக் கொடுத்தேன்.

14.02.59
மேலிடத்துப் பெரிய டொக்டரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். அப்போதிக்கரியின் முறைப்பாடு. கர்ப்பிணியும் சிசுவும் மட்டும்தான் மருத்துவிச்சியான என் கடமையாம். இந்தக் கொலனியில் முதுகில் புண்ணோடு கிடக்கிற வயோதிபர் பதினொரு பேர். அவர்கள் யாருடைய கடமை? அதையே பதிலாக எழுதிப் போட்டுவிட்டேன். வேலை போனால்? — போனால் என்ன செய்வன், தெரியாது.

21.02.59
பதில் இல்லை.

06.03.59
பெரிய டொக்டரிடமிருந்து ஒரு வரி: "வீடுகளில் காண்பதை வாராவாரம் நேரே எனக்கு எழுதவும்." அப்போதிக்கரி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். திருப்பட்டும்.

08.03.59 ஞாயிறு
ஏரம்பர் சாய்ந்திருந்து கஞ்சி குடிக்கிறார். "எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான், பிள்ளை. வாய்தான் திறக்கேலாமல் கிடந்தது" என்றார். சிற்றம்பலம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

17.03.59
சிற்றம்பலம் என்னைத் தேடி வந்தார். அயலில் இருக்கிற வீரகத்தியின் தாய்க்குப் பால் பருக்க ஆயத்தமாம். "மிஸி வந்து பாத்த பிறகுதான் எண்டு மறிச்சு வைச்சிருக்கிறன். வாறியளோ?"

போனேன். கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். வெகுநேரம் நாடி பிடித்திருந்தேன். இல்லை, அவவுக்கு உண்மையிலேயே முடிகிற நேரம்தான். பருக்குங்கோ, உதட்டை நனைச்சாக் காணும் என்றேன்.

முதல் கரண்டியை என் கையில் தந்தார்கள்.