திரும்பிப் பார்க்காமல் ஓடுவது

என் செல்லமே, வாயாடித் தங்கச்சி மாலா,

அங்கேயும் யாரையாவது முன்னால் ஓடவிட்டுக் குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பாய். ஜெலுத்தோங் கடலோரத்தில் தினமும் என் பின்னால் ஓடியபடி கத்துவாயே: "அக்கா, குதிகால இடிக்காத! எட்டி வைக்காத, இடுப்புக்கு நேரா கீழ வை. யானை வர்ற மாதிரி இருக்கு லா!" உன் இடது சப்பாத்து மட்டும் தார்ச்சாலையில் சரக் சரக்கென்று தேயும். அதைச் சொன்னால் உனக்குக் காது கேட்காது.

காய்ச்சலென்று படுத்தவள் ஒரே வாரத்தில் போய்விட்டாய், பாவி. மின்சுடலையிலிருந்து கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதென்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் பார்த்தேன். உன்னை எப்படி அப்படியே விட்டுவிட்டு வருவது?

அன்றிலிருந்து ஓடும்போதெல்லாம் பின்னால் சரக் சரக். திரும்பினால் பாதை காலி. நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பித் திரும்பியே என் முட்டி வீங்கிவிட்டது. "நீ பார்த்ததாலதான் அவ போகாம நிக்கிறா," என்று அம்மா அழுகிறாள்.

என் ஓட்டம் எங்கே கோணுகிறது என்று பார்க்க, போன வாரம் உன் மகள் கவிதா ஓரமாக நின்று கைப்பேசியில் படம் பிடித்தாள். "பெரியம்மா, நீங்க திரும்புறப்பல்லாம் இடுப்பு முறுக்கி முட்டி உள்ள போகுது, பாருங்க," என்று காட்டிக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள். சரக் சரக். கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"இது அம்மா ஓடுற சத்தம் லா..."

படத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இப்படியே முறுக்கினால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார் மருத்துவர். ஓட்டத்தை விட்டால் உன்னை எங்கே கேட்பேன்? திரும்பாமல் இருந்தால் நீ போய்விடுவாயோ?

இன்று காலை பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓடினேன். நீ சொன்னபடி சின்ன அடிகளாக, சத்தமில்லாமல். சரக் சரக் நெருங்கியது. பக்கத்தில் வந்தது. பிறகு என்னைத் தாண்டி முன்னால் போனது, மாலா. ஒருநாளும் நீ என்னை முந்தியதில்லையே! பாலம் தெரியும் வளைவு வரை கேட்டது. அப்புறம் அலைச் சத்தம்தான்.

இனித் திரும்ப மாட்டேன், சத்தியம். கவிதாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் திரும்பிப் பார்க்காதே, தங்கம். முட்டி போய்விடும்.

உனக்குப் பின்னால் மெதுவாக வரும்,
உன் அக்கா