விளக்கின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் பிளாஸ்திரிப் பசை வாசனை போகவில்லை. உங்கள் வாசனை. இன்று மெக்கானிக் கடையில் நடந்ததை உங்களிடம் சொன்னால்தான் என் ஆத்திரம் அடங்கும். நீங்களோ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

நீங்கள் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப் போட்ட பிளாஸ்திரிச் சுருள்களைப் பை நிறையக் கொண்டுவருவீர்கள். மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட், துடைப்பக்கட்டை, எல்லாவற்றிலும் அந்த வெள்ளைக் கட்டு. வருகிறவர்கள் நம் வீட்டை ஏதோ ஆஸ்பத்திரி வார்டு மாதிரி பார்ப்பார்கள். காரின் டேஷ்போர்டிலும் நகம் அளவுக்கு ஒரு துண்டு இருந்தது. என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"ஒன்னுமில்லட்டி, சும்மா ஒரு லைட்டு. மதினி பாத்தா பயந்துருவாக" என்றீர்கள்.

மதினி என் அக்காதான். வாரம் இரண்டு நாள் அவளை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தது நீங்கள்.

இப்போது நான் கூட்டிப்போகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் பழகி, முதல் நாளே அந்தத் துண்டைப் பிய்த்தேன். உள்ளே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, இன்ஜினில் கோளாறு என்று காட்டுவது, எரிந்துகொண்டிருந்தது. அன்று திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் நின்றபோது வண்டி உலுக்கோ உலுக்கென்று உலுக்கி, அணைந்தும் போனது. களைத்துப்போய்ப் பின்சீட்டில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே, "வீடு வந்துருச்சாட்டி?" என்று கேட்டாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஹாரனை அழுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! நம் ஊரில் ஒரு மெக்கானிக் பிளக் மாற்றி விளக்கை அணைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் திரும்ப எரிந்தது. இன்னொருவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "இன்ஜினுக்குள்ள காத்து அதிகமாப் போகுதுன்னு காட்டுதுக்கா" என்று ஒரு சென்சாரை மாற்றினார். அது நாலு நாள் தாங்கியது. மூன்றாமவர் செத்த நேரம் காது கொடுத்துவிட்டு, "வண்டி பூ மாதிரி நிக்கிதேக்கா. ஒங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றார். அவரை நான் ஒன்றும் சொல்லாமல் வந்தது பெரிய புண்ணியம்.

சென்னையிலிருந்து மகன் வேறு. "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா கார வித்துருவோம்மா." விற்றுவிட்டு? டயாலிசிஸ் முடிந்து நிற்கவே தள்ளாடுகிறவளைக் கூட்டத்தில் முட்டி மோதி பஸ் ஏற்றுவதா?

கடைசியில் எனக்கே உறைத்தது. மூன்று பேரும் காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது பார்த்திருக்கிறார்கள். உலுக்கல் வருவதோ சூடான பிறகு. இன்று அக்காவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "அணைக்காதீங்க, இப்படியே பாருங்க" என்றேன். அவர் குனிந்து கேட்டார். "உஸ்ஸுன்னு காத்து இழுக்குதும்மா."

இன்ஜினுக்குப் பின்னால், சட்டென்று கண்ணில் படாத இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய். அது வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் மூன்று சுற்றுப் பிளாஸ்திரி. ஆறியிருந்தால் பசை பிடித்துக்கொள்ளுமாம், சூடானால் இளகிக் காற்றை உள்ளே விடுமாம். "யாரும்மா இத ஒட்டுனது? புண்ணுக்குக் கட்டுற மாதிரில்ல கட்டிருக்காக!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கழற்றிய குழாயை வாங்கி, பிளாஸ்திரியை நானே பிரித்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. குழாய் வெடித்ததும் தெரியும், விளக்கு ஏன் எரிகிறதென்றும் தெரியும். இரண்டையும் ஒட்டினீர்கள். மூன்றாவதாகவும் ஒன்று ஒட்டினீர்களே! கடைசி நாள் ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது நெஞ்சில் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு, வலிக்குப் போடும் பிளாஸ்திரி. எத்தனை நாளாக வலி என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரியும். முந்தின நாள் நீங்கள் நெஞ்சைத் தடவியதைப் பார்த்துக் கேட்டவள்தான் நான். "ஒன்னுமில்லட்டி" என்றீர்கள். நம்பினேன். என்ன மனுஷன் நீங்கள்?

புதுக் குழாய் போட்டாயிற்று. அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தேன். கேட் மூடியிருந்தது. சூடான வண்டி, ஒரு சிலிர்ப்புகூட இல்லாமல், இன்ஜின் அணையாமல் நின்றது. விளக்கும் எரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு முகம் கோணிவிட்டது.

"என்னட்டி?" என்றாள் அக்கா.

ஒன்னுமில்லக்கா என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "அவுக இல்லாம முடியலக்கா" என்றேன். ஏழு மாதத்தில் இன்றுதான் சொல்கிறேன். கேட் திறக்கும்வரை அழுதேன். ஊசி குத்திய கையால் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு சுருளை மட்டும் வண்டியில் வைத்திருக்கிறேன். அக்கா கையில் ரத்தம் கசிந்தால் ஒட்டுவதற்கு. வேறு எதிலும் ஒட்ட மாட்டேன்.