மவுஸின் வயிற்றில் ஒரு பொட்டு

அக். 1, புதன். ஆயுத பூஜை.

காலையில் தூறல், பத்து மணிக்கு வெயில். சித்தூர் தெருக்களில் உடைத்த பூசணிக்காய்களைத் தாண்டிக் கடைக்குப் போய் வந்தது ஒரு படையெடுப்பு.

பூஜையில் வைத்தவை: அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி, ஸ்க்ரூடிரைவர், எங்களோடு தங்கியிருக்கும் அக்கா மகள் மலரின் லேப்டாப், அவளுடைய வயர் இல்லாத மவுஸ். சந்தனமும் குங்குமமும் என் கையால். இவ்வளவு வட்டமாகப் பொட்டு வைக்கிறவன் மூவுலகிலும் இல்லை. மவுஸின் முதுகில் வைக்கப் போனேன். மலர் அலறல்.

"மாமா, மேல வெக்காதீங்க! கையெல்லாம் ஒட்டிக்கும்."

சரி என்று திருப்பி வயிற்றில் வைத்தேன். நடுவில் ஒரு சின்னக் குழி, பொட்டுக்கென்றே செய்தது போல. கச்சிதம். மூன்று நாளைக்கு எவரும் எதிலும் பொட்டை அழிக்கக் கூடாது என்று ஆணையும் பிறப்பித்தாயிற்று.

வெள்ளி காலை 11க்கு மலருக்குத் திருப்பதியில் தேர்வு. வீட்டு பிளான் போடும் ஆபீஸ். சொந்த லேப்டாப்பில் இரண்டு மணி நேரத்தில் ஒரு வீடு வரைந்து காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடத்தில் இல்லை என்றாகிவிட்டது. இதுவும் இல்லையென்றால் அவள் நைனா, அதாவது அப்பா, சொந்த ஊர் கார்வேட்டிநகரத்துக்குக் கூட்டிப்போய் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மதியம் வடை. ஒன்பதோ பத்தோ.

அக். 2, வியாழன்.

புழுக்கம். காலையில் கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் பூஜையிலிருந்து எடுத்தோம். மவுஸ் வேலை செய்யவில்லை. ஒரு நாள் ஓய்வு கொடுத்ததில் ருசி கண்டுவிட்டது போல. லேப்டாப்பின் டச்பேட் போன வருஷமே காலமாகிவிட்டது, மவுஸ்தான் கதி.

மலர் முகத்தில் ரத்தம் இல்லை. "செவ்வாக்கெழம கீழ போட்டுட்டேன் மாமா. அதான். நானே கெடுத்துக்கினேன்."

சிகிச்சையை நானே ஏற்றேன். செய்தவை:
பேட்டரி மாற்றினேன் (பொட்டு கலையாமல். இதற்கு அறுவை நிபுணனின் கை வேண்டும்).
அடியில் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டேன், நாற்பது தடவை.
லேப்டாப்பில் செருகியிருந்த மவுஸின் யுஎஸ்பி குமிழைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினேன்.
லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன்.
திட்டினேன். தெலுங்கிலும்.

விசேஷம்: சொடுக்கினால் கேட்கிறது, நகர்த்தினால் அம்பு நகரவில்லை. அடியில் எரியும் சிவப்பு விளக்கும் மங்கல்.

மலர்: "அடியில பொட்டு இருக்குதே மாமா. அதத் தொடச்சிப் பாக்கட்டா?"

நான் வாய் திறக்கும் முன் என் மனைவி சகுந்தலா அடுப்படியிலிருந்து: "அழிக்கிற வேலையே வாணாம். மோட்டார்ல வெச்ச பொட்ட இவுரு தொடச்சாரு, அந்த மாசமே மோட்டார் புகஞ்சிடுச்சி. தண்ணிக்கு எம்மா அலஞ்சோம்!"

"மூன்று நாள் ஆணை ஆணைதான்" என்று நானும் முடித்தேன். சக்கரவர்த்திகள் சொல் மாறுவதில்லை.

விஜயதசமி, கடைகள் எல்லாம் மூடல். மலர் பயிற்சி செய்யவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சோறு தின்னவில்லை.

அக். 3, வெள்ளி.

கா. 6.10 பஸ். ஜன்னலோரம் மலர். சந்திரகிரி வரை மவுஸை மடியில் உருட்டிக்கொண்டே வந்தாள். நான் என் வரலாற்றிலேயே முதல் தடவையாக அரை மணி நேரம் வாய் மூடினேன்.

திருப்பதியில் அவளை ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு மவுஸோடு கடை தேடி ஓடினேன். முழங்கால் வலி தனி. 9.40க்கு ஒரு கம்ப்யூட்டர் கடை திறந்தது. கடைக்காரர் தன் மெஷினில் குமிழைச் செருகினார். ஒரு தடவை சொடுக்கினார். திருப்பினார். என்னைப் பார்த்தார்.

"க்ளிக் ஒஸ்துந்தி, வருது. நகரலன்னா கண்ணு அடச்சிருக்குது அண்ணா. இந்தப் பொட்டு எவுரு பெட்டிந்தி, யாரு வெச்சது?"

"பூஜை செய்தவர்" என்றேன், பக்கத்து ஊர்க்காரரைச் சொல்வது போல.

"தொடச்சா பரவாலியா?"

மணி 9.50. சகுந்தலா எழுபது கிலோமீட்டர் தள்ளி. தலையாட்டினேன். அவர் மவுஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரப் பஞ்சால் குழியைத் துடைத்தார். அம்பு ஓடியது. திருமலை வரைக்கும் ஓடியிருக்கும், திரைதான் தடுத்தது.

10.20. மலர் கையில் கொடுத்தேன்.

"இன்னா கோளாறு மாமா?"

"பேட்டரி."

"நேத்துதானே மாத்தினீங்க?"

"அது மட்டமான பேட்டரி."

"அப்போ நான் கீழ போட்டதால இல்லியா?"

"அதுவும் கொஞ்சம் இருக்கலாம்."

எதற்கு அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அவள் மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். "பொட்டு எங்க மாமா?"

"உதிர்ந்திருக்கும்."

குழியை விரலால் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். 1.15க்கு வெளியே வந்தாள். முழு வீடும் வரைந்தாளாம், மாடிப்படி உட்பட. திரும்பும் பஸ்ஸில் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

அக். 6, திங்கள்.

மழை. ஆபீஸிலிருந்து போன் இல்லை. மலர் என்னோடு பேசுகிறாள், ஆனால் அளந்து. "காப்பி வேணுமா மாமா?" அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்தேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அக். 8, புதன்.

நேற்று சாயந்திரம் போன். வேலை கிடைத்துவிட்டது. வரும் திங்கள் சேர வேண்டும். அவள் நைனாவுக்கு நானே போன் போட்டு அரை மணி நேரம் என் மருமகளின் பெருமையையும், முக்கால் மணி நேரம் என் பெருமையையும் எடுத்துரைத்தேன். மலர் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காலை விழித்ததும் தலைமாட்டில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். உலகம் இல்லை. மஞ்சள் இருட்டு. கழற்றித் தடவிப் பார்த்தால் இரண்டு கண்ணாடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். வட்டமென்றால் அப்படி ஒரு வட்டம். என்னுடையது தோற்றது.

அடுப்படியிலிருந்து மலரின் குரல்: "மூணு நாளைக்கி அழிக்கக் கூடாது மாமா."

இதைக் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன்.