நிறுத்திய பிறகு வந்த இரத்தம்

ஹம்பேர்க்
பங்குனி 2008

அன்பு மகன் அனுஜனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் பல்முரசைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் மியூனிக்கில் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். முரசு என்றால் தெரியும்தானே, உன் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் ஈறு என்று போட்டிருக்கும், பல்லைப் பிடித்திருக்கும் சதை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் அப்பா பக்கத்தில் நின்று திருத்துவார். கடிதத்தில் அவருக்கு அந்த வசதி இல்லை.

தை மாதம் கடைகளுக்குள் புகைக்கக்கூடாது என்று புதுச் சட்டம் வந்ததோடு அப்பா சிகரெட்டை விட்டது உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, அரசாங்கம் ஒருமுறை சொன்னதும் ஏறிவிட்டது. வழக்கமான கோப்பிக் கடையில் வெளியே குளிரில் நின்று புகை பத்தச் சொன்னார்களாம், அது மானக்கேடு என்று விட்டுவிட்டார். சில கிழமைகளில் பல் தீட்டும்போது இரத்தம் வரத் தொடங்கியது. அன்று எங்கள் வீட்டில் ஒரு விஞ்ஞானி பிறந்தார். "பத்தேக்கை ஒரு சொட்டு இரத்தம் வந்ததே? விட்டாப் பிறகுதானே இந்தக் கரைச்சல்" என்று காலையும் மாலையும் விரிவுரை. புகைதான் முரசை இறுக்கி வைத்திருந்ததாம், ஆகவே மருந்து மாதிரி ஒன்றிரண்டு மறுபடி தொடங்கினால் நல்லதாம். அந்த நேரம் பார்த்து நீயும் ஒரு மாதமாக முரசு கசிகிறது என்று போனில் சொன்னாய். விடுவாரா? "சிகரெட்டைத் தொட்டும் பாக்காத பெடியன், அவனுக்கும் வருகுது. இது எங்கட பரம்பரை" என்றார். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கொள்கைகளை ஒரே வாயில் வைத்திருக்கும் திறமை எல்லோருக்கும் வராது.

வைத்தியத்தையும் தானே பார்த்துக்கொண்டார். இரத்தம் வரும் பக்கத்தைத் தொடுவதேயில்லை, புண்ணைச் சீண்டக்கூடாதாம். மற்றப் பக்கத்துக்குச் சப்பாத்துத் துடைக்கக்கூடிய முரட்டுப் பிரஷ். பக்கத்து வீட்டுப் புஷ்பமலர் அக்கா உப்பு என்று வாய்தவறிச் சொன்னதைக் கேட்டு எரிய எரியத் தேய்த்ததும் நடந்தது. இதற்கிடையில் அவருடைய குளிர்ச்சட்டைப் பையில் உடைக்காத சிகரெட் பெட்டி ஒன்றைக் கண்டேன். கேட்டதற்கு, விருந்தாளிகளுக்கு என்றார். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் புஷ்பமலர் அக்காவும் நீயும்தான். அக்கா பத்துவதில்லை. நீயும் பத்துவதில்லை.

பின்பக்கப் பல் ஒன்று ஆடத் தொடங்கிய பிறகுதான் பல் டொக்டரிடம் நேரம் கேட்டு டெர்மின் எடுக்கச் சம்மதித்தார். அங்கேயும் தன் ஆராய்ச்சியை நல்ல டொச்சு மொழியில் விளக்கினார், டொக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் படியும் அழுக்கில் கிருமி வளர்ந்து முரசை வீங்கவைக்கிறது, வீங்கிய முரசுதான் கசியும். புகைப்பவர்களுக்கு இரத்தக்குழாய் சுருங்கியிருப்பதால் உள்ளே கெட்டாலும் வெளியே தெரியாது. விட்டதும் இரத்த ஓட்டம் திரும்பும், இத்தனை நாள் மறைந்திருந்தது வெளியே வரும். புகை உங்கள் முரசைக் காக்கவில்லை, நெருப்பு மணியின் வயரை வெட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான் என்றார். விஞ்ஞானி வாயைத் திறந்தபடி இருந்தார், டொக்டர் திறக்கச் சொல்லியிருந்ததால். எனக்கு அந்த நேரம் அவருடைய பல் நினைவில் இல்லை மகன், போனில் நீ சொன்னதுதான் நின்றது.

எஸ்-பான் ரயிலில் திரும்பும்போது அப்பா கையைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் விட்டபடியே இருந்தார். தோற்ற கவலை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். இறங்கும் இடம் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி, "அவனும் விட்டிட்டான் போல. ஒண்டும் கேக்காதையும்" என்றார். அந்தச் சிகரெட் பெட்டியை ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டதும் அவரேதான்.

ஆகையால் நான் ஒன்றும் கேட்கவில்லை. சிகரெட்டையே காணாதவனுக்கும் ஒழுங்காகத் தீட்டாவிட்டால் முரசு கசியும், நீ அந்த வகை என்றால் அப்படியே இருக்கட்டும். மெல்லிய பிரஷ் வாங்கு. பலசாலி என்று காட்டும் இடம் வாய் இல்லை, முரசு ஓரத்தில் மெதுவாகத் தீட்டு. இரவில் பல்லிடுக்குக்கு நூல் போடு. சில நாள் இரத்தம் வரும், அதற்குப் பயந்து அந்தப் பக்கத்தை விட்டுவிடாதே, ஓரிரு கிழமையில் குறைய வேண்டும். காத்திராமல் இப்போதே டெர்மின் எடு, படிந்து இறுகியதைப் பிரஷ் எடுக்காது, டொக்டர்தான் எடுக்க வேண்டும். இரத்தம் வருகிறதே என்று தீட்டுவதை நிறுத்தாதே, நிறுத்தியதை மறுபடி தொடங்காதே. எதை என்று எனக்குத் தெரியாது.

கடவுள் உனக்கு நல்ல பல்லையும், அதைவிட நல்ல புத்தியையும் கடைசிவரை தரட்டும். சித்திரை வருஷப்பிறப்புக்கு வர ரயில் டிக்கெட்டை இப்போதே பதிந்துவை. விருந்தாளிகளுக்கென்று இந்த வீட்டில் இனித் தேத்தண்ணி மட்டும்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா
கலாதேவி ஸ்ரீஸ்கந்தராஜா