எஸ்ஸும் என்னும் சேர்ந்தால் மூக்கு

மே 4, ஞாயிறு

இதனால் தாராவி வாழ் சகல தமிழ் மக்களுக்கும் அறிவிப்பது: எங்கள் சந்து, மூன்றாம் மாடி, மாரீஸ்வரன் (வயது பதினாறு) மேலுதட்டில் பதினோராவது முடி இன்று காலை முளைத்தது. பொதுமக்கள் கூட்டம் கூடி வாழ்த்த வேண்டாம். முடி நலம்.

இரண்டாவது செய்தி. கீழே பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜஹாங்கீர் பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா அங்கேதான் ஜிப் வைத்துத் தைக்கிறாள். செம்பூரில் ஒரு குழந்தைகள் பள்ளிக்கு நூற்றிருபது பை வேண்டுமாம். முதல் ஆர்டர். பிடித்துப்போனால் வருஷா வருஷம் இவருக்குத்தான். மழைக்காலத்தில் வேலை இல்லை என்று அம்மாவை வீட்டில் உட்காரச் சொல்ல மாட்டார்.

"லே மாரி, நீ இங்கிலீஷ் மீடியம்லா? பை மேல ஒட்ட நாலு வார்த்த எழுதி உங்கம்மைட்ட குடுத்து விடு. எஸ்ஸு, என்னு, இந்த ரெண்டு எழுத்தும் வெட்டுனது ஒரு சாக்கு கெடக்கு. எவனோ கிளப்புக்குன்னு வெட்டச் சொல்லிட்டு வாங்காமப் போயிட்டான். அது ரெண்டும் முன்னால வரணும். மத்தத வெட்டிக்கிடலாம்."

பார்க்கிறேன் என்று பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மே 5

டிக்ஷனரியோடு ஒரு பகல். உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தேன். (கண்டுபிடித்திருந்தால் எனக்குச் சொல்லவில்லை.) எஸ்ஸும் என்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வெள்ளைக்காரன் நேராக மூக்குக்குப் போய்விடுகிறான். தும்மினால் ஸ்னீஸ். குறட்டை ஸ்னோர். மோந்து பார்த்தால் ஸ்னிஃப். பன்றியின் மூக்கு ஸ்னவுட். மூக்கைச் சுளித்து ஏளனம் செய்தால் ஸ்னீர். மூக்கைச் சிந்திக்கொண்டே அழுதால் ஸ்னிவல். மூக்கிலிருந்து வருவது ஸ்னாட். இந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தவனுக்கு அன்றைக்கு பயங்கர ஜலதோஷம்.

ஸ்னோ மட்டும் அடங்கவில்லை. பனியில் நின்றால் மூக்கு ஒழுகும்தானே? சேர்த்துக்கொண்டேன். ஸ்னேக்கை விட்டுவிட்டேன், அதோடு எனக்கு எதற்கு வம்பு.

பாய்க்கு எந்த நாலைக் கொடுப்பது? ஸ்னெய்ல் கொடுக்கலாம். ஸ்னேக் கொடுக்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

ஆனால் அதில் என்ன மஜா?

மே 6

கொடுத்தது: ஸ்னாட், ஸ்னவுட், ஸ்னீர், ஸ்னிவல்.

அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அர்த்தம் கேட்டாள். சொன்னேன்: முதலாவது விடிவெள்ளி, இரண்டாவது வெற்றி முழக்கம், மூன்றாவது புன்னகை, நாலாவது சின்னக் குருவி. படியிறங்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு போனாள். பாய் கேட்டுவிட்டு "மாஷா அல்லா, உம்மவன் பெரிய ஆளா வருவான் பூமாரி" என்றாராம்.

எனக்கு ஹிந்தியில் ஐம்பத்திரண்டு மார்க், மராத்தியில் நாற்பத்தொன்று. இங்கிலீஷில் மட்டும் சந்துக்கே நான்தான் ஹைகோர்ட். அப்பீல் கிடையாது.

மே 9

ஆர்டர் பிடித்துக் கொடுத்த புரோக்கர் சுரேந்திரன் வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா. எழுத்து ஒட்டிய பையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏக்தம் இன்டர்நேஷனல்" என்றார். தெரியாது என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்காவது தைரியம் இருக்கிறதா?

நூற்றிருபதும் மெஷினில் சூடு வைத்து ஒட்டியாகிறது. என் கிளாஸ் நயினாரிடம் சொன்னேன். சிரித்து சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மே 14

பட்டறையில் ஒரு வழக்கம். ஒரு மாலில், அதாவது ஆர்டருக்குத் தைக்கும் சரக்கில், முதல் பீஸ் யார் கையில் முடிகிறதோ அது அவருக்கு. மால் போய்ச் சேரும்வரை வெளியே போனால் அதை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அப்போதுதான் மால் திரும்பி வராதாம்.

இந்தத் தடவை முதல் பீஸ் அம்மாவுடையது. ஸ்னாட்.

இதை நான் யோசிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

கோவண்டியில் கலைச்செல்வி சித்தி வீட்டில் சடங்கு. அம்மா பட்டுப்புடவை கட்டினாள், பூ வைத்தாள், மூன்று வயதுக் குழந்தைக்கான அந்தப் பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மஞ்சள் பையில் சிவப்பு எழுத்து, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை தெரியும்.

காலேஜ் பெண்கள் இரண்டு பேர் பின்னால். ஒருத்தி மற்றவளை இடித்துச் சிரித்தாள். பிறகு போனை எடுத்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஐயோ, பை நன்றாகத் தெரிய முந்தானையை ஒதுக்கிக் கொடுத்தாள்.

"மேரா லட்கா லிக்கா" என்றாள் அவர்களிடம், என் பையன் எழுதியது என்று. என்னைக் கையைக் காட்டினாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எந்த ஸ்டாப் வந்தது, எது போனது, தெரியாது.

இறங்கியதும் அம்மா: "போட்டோ எடுத்தாளுவ பாத்தியாலே? வேல அப்பிடி!"

மே 19

சனிக்கிழமை மால் செம்பூர் போகிறது. பள்ளியில் ஒரு டீச்சராவது படிப்பாள். படித்தால் ஆர்டர் போச்சு. பாய் கெட்ட பெயரோடு நிற்பார். அம்மா?

நயினாரிடம் சொன்னால் இன்னும் சிரிக்கிறான். அவன் அம்மா அந்த பஸ்ஸில் இல்லை.

மே 20

முடித்தாயிற்று. நேராகப் பட்டறைக்குப் போனேன். எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். "பாய், தப்பு என்னுடையது. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்" என்றேன். பட்டறையே எழுந்து நின்றது. பாய் என் தோளில் கை வைத்து, "ஆம்பள!" என்றார்.

மே 25, ஞாயிறு

மேலே 20-ஆம் தேதி எழுதியது முழுப் பொய். நாட்குறிப்பில் கூடவா பீலா விடுவது? விட்டேன்.

அன்றைக்கு நடந்தது இது. பட்டறை வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். அப்படி மூன்று தடவை. நாலாவது தடவை படியில் அம்மா எதிரே வந்தாள். என்னல மூஞ்சி இப்படியிருக்கு என்றாள். அவ்வளவுதான், அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டே. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா திட்டவில்லை. "பஸ்ஸுல அந்தப் பிள்ளையெல்லாம் அதுக்கா சிரிச்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அவளே இறங்கிப் போனாள். நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன். "பாய், தப்பு நடந்துபோச்சு. பையில இருக்கதெல்லாம் அசிங்கமான வார்த்தையாம். அவன் சரியாத்தான் எழுதிக் குடுத்தான். நான்தான் சீட்ட மாத்திக் கொண்டாந்துட்டேன். எழுத்து தெரியாத முண்டம் நான்."

பாய் சுரேந்திரனுக்கு போன் போட்டு, கெஞ்சி, ஒரு வாரம் தவணை வாங்கினார். அன்றிலிருந்து பட்டறை மூடிய பிறகும் அம்மா உட்காருகிறாள். சூடு வைத்து எழுத்தை உரித்து, பசை படிந்த இடத்தில் துணியில் வெட்டிய மீன் உருவத்தை வைத்துத் தைக்க வேண்டும். இன்று லீவு நாள், இன்றும். உரிப்பது நான். கட்டைவிரலில் இரண்டு கொப்புளம்.

மத்தியானம் பாய் டீயோடு வந்தார். எழுபதாவது பையைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இனிமே சீட்டு கீட்டு வேண்டாம் பூமாரி. உம்மவன்ட்டயே நேராக் கேட்டுக்கிடுதேன். அவன் வெவரமானவன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தேன்.