சித்தி வீட்டுக் கீரி

மார்ச் 1, ஞாயிறு

பிள்ளைகளை அவர்கள் அப்பா வீட்டிலிருந்து கூட்டி வந்தாயிற்று. படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அம்மா, சித்தி வீட்டுப் பின்னாடி கீரி குட்டி போட்டிருக்கு! சாயங்காலமானா வெளிய வருது!"

ஒன்றின் வாலை ஒன்று கடித்து உருளுமாம். மூச்சைக்கூடச் சத்தமாக விடக் கூடாதென்று சித்தி சொன்னாளாம். சாப்பிட்டு முடிக்கும்வரை சித்தி புராணம்தான்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எனக்குத் தங்கையே கிடையாது. அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவளை எனக்குத் தங்கையாக்கியது யார்? போன மாதம்வரை அது "அப்பா வீடு". இப்போது "சித்தி வீடு".

என் வீடு மூன்றாவது மாடி. பால்கனியில் துணி காயும். கீரி வராது.

மார்ச் 4, புதன்

மீன் தொட்டி வாங்கி வந்தேன். சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "இது எங்கயும் போகாதாம்மா?" என்று கேட்டுவிட்டு ஹோம்வொர்க் செய்யப் போய்விட்டான். ஹோம்வொர்க்! யாரும் சொல்லாமலே!

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

வழக்கத்தைவிடச் சீக்கிரமே கூட்டி வரப் போனேன். ஏன் போனேன்? பார்க்கத்தான். பக்கவாட்டு கேட் வழியாகத் தெரிந்தது: எலுமிச்சை மரத்தடியில் பழைய பெட்ஷீட், அதில் அவளும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். எதிரே தாய்க் கீரி, காலடியில் குட்டிகள். லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறேன். குழந்தைகளை அசையாமல் கை நீட்ட வைப்பதற்குள் உயிர் போகும். என் பிள்ளைகள் இவளிடம் அசையாமல் கிடந்தார்கள். அவள் கை சின்னவன் முதுகில் இருந்தது. அந்தக் கைதான்—

ஸ்கூட்டர் ஹார்னை அழுத்தினேன். விடாமல்.

கீரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. மற்றவை சிதறின. சின்னவன் ஓவென்று அழுதான். அவள் எழுந்து முழங்கை மண்ணைத் தட்டினாள். "அம்மாவுக்குத் தெரியாதுல்ல, விடுங்கடா" என்றாள்.

எனக்குப் பரிந்து பேச இவள் யார்?

மார்ச் 9, திங்கள்

பெரியவள் கேட்டாள். "நீ வேணும்னுதானே ஹார்ன் அடிச்ச?"

"இல்லடி."

தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

அவள் போன் செய்தாள். "அக்கா"வாம்.

"கீரி எங்கயும் போகலக்கா. குட்டிங்கள எல்லாம் தூக்கிட்டுப் போய் விறகுக் குவியலுக்கு அடியில வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஹார்ன் ஏன் அடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். இங்க வந்தா பசங்களுக்கு உங்க பேச்சுதான். எங்கம்மா ஊசி குத்தினா வலிக்கவே வலிக்காது, எங்கம்மா தலை பின்னினா அவிழவே அவிழாது... கேட்டுக் கேட்டு எனக்கும் பத்திக்கிட்டு வரும்க்கா. நான் எந்த ஹார்ன அடிக்க?"

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கேட்காமல் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

பெரியவளிடம் சொல்லிவிட்டேன். "வேணும்னுதான் அடிச்சேன்." வாட்டர் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள். "சித்தி மேல கோவமா?" "ம்." பையை மாட்டிக்கொண்டு, "அதுக்குக் கீரி என்னம்மா பண்ணுச்சு?" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். பெட்ஷீட்டில் அவள் நகர்ந்து இடம் விட்டாள். கட்டியிருந்த நல்ல புடவையோடு அதில் குப்புறப் படுத்தேன். எதையோ கேட்க வாயெடுத்தேன். சின்னவன் என் வாயைப் பொத்தினான்.

குட்டிகள் வந்தன. எத்தனை என்றுகூட நான் பார்க்கவில்லை. சின்னவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவளும் அதே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கண்ணை எடுத்தது நான்.

பரீட்சை லீவு முழுக்க அங்கேயே இருக்கட்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வயிறு எரியத்தான் செய்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.